ரிஜெக்‌ஷனில் போன ராணி

"உங்க கண்ணு நல்லா இருக்குங்களா கங்கப்பன்?"

திங்கட்கிழமை காலையில் குவாலிட்டி மேனேஜர் பாலாஜி இப்படிக் கேட்டதும் கங்கப்பன் நாற்காலி நுனிக்கு நகர்ந்துகொண்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவரை ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை உட்கார வைத்தபோது கேன்டீனில் இரண்டாவது வடையை நிறுத்திவிட்டார்கள்.

"நல்லா இருக்குங்க சார். போன மாசந்தான் டெஸ்ட் எடுத்தாங்க."

"சர்டிபிகேட் மார்ச் வரைக்கும் செல்லும். பார்த்தேன். அதனாலதான் உங்களை செலக்ட் பண்ணியிருக்கோம்."

"எதுக்குங்க சார்?"

"செஸ்ஸுக்கு."

கங்கப்பன் பாரூர்ப் பக்கம் நெல் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவரின் மகன். ஓசூர் வந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீடு பிடித்து, பெண்ணைவளம் பிரிசிஷன் லிமிடெட் என்கிற இந்தக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்டராக இருக்கிறார். கம்பெனி செய்வது புஷ். வண்டிக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும் மோதிரம் மாதிரியான இரும்பு வளையம். கங்கப்பனின் கையில் ஒரு கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை வளையத்துக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. போனால் குற்றம், போகாவிட்டாலும் குற்றம் என்று இருக்கிற உலகத்தில் இவ்வளவு தெளிவான வேலை வேறு கிடையாது என்பது அவர் எண்ணம். அளக்காமல் அவர் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மற்றவர்கள் ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே முப்பது தாளுக்கும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் டீ ஆறிப்போன பிறகு போவார்.

"எனக்கு செஸ் தெரியாதுங்க சார்."

"அதுதான் வேணும். ஆட்டம் தெரிஞ்சவர் இன்ஸ்பெக்ட் பண்ணா, ஆட்டத்தை ரசிக்க ஆரம்பிச்சிடுவார். நீங்க காயை எண்ணினா போதும். காய் சின்னது. அதான் கண்ணு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எச்.ஆர். மேனேஜர் பிரேம்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் செருமினால் ஒரு சொற்பொழிவு வருகிறது என்று அர்த்தம்.

"கங்கப்பன், நம்ம கம்பெனியில விளையாட்டுக் கோட்டாவுல ஒரு சாம்பியனை எடுத்திருக்கோம். பேரு அனுப்ரியா. பெரிய விஷயம். ஆனா இங்க புராசஸ் இல்லாம ஒரு மனுஷன் இருக்க முடியாது. செக்யூரிட்டிக்குப் புராசஸ் இருக்கு. டீ ஊத்தற நாராயணம்மாவுக்குப் புராசஸ் இருக்கு. எனக்கு மட்டும்தான் கிடையாது. ஏன்னா புராசஸை எழுதறவன் நான். புராசஸ்னு இருந்தா இன்ஸ்பெக்‌ஷன் இருக்கணும். இன்ஸ்பெக்‌ஷன்னா இன்ஸ்பெக்டர் வேணும். புரியுதா?"

"புரியுதுங்க சார்," என்றார் கங்கப்பன். புரியவில்லை. ஆனால் அந்த அறையில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் யாரும் சொன்னதில்லை.

அனுப்ரியாவைப் பற்றி மூக்கண்டப்பள்ளியில் தெரியாதவர்கள் இல்லை. அவள் அப்பா சௌந்தரராஜன் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த லேத் ஆபரேட்டர். அவர் வேலை பார்த்த கம்பெனியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் வாளி கொடுப்பார்கள். ஒரு வருஷம் வாளிக்காரன் கைவிரித்துவிட்டான். அவசரத்துக்கு எங்கேயோ கிடந்த முந்நூறு சதுரங்கப் பலகையை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். லைன் வீடுகளில் அன்று சண்டை நடக்காத வீடு இல்லை.

"வாளி குடுப்பாகன்னு பழைய வாளிய தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். இப்ப இதுலயா தண்ணி மோக்குறது?" என்று அனுப்ரியாவின் அம்மா இருளாயி கேட்டது தெருமுனைவரைக்கும் கேட்டதாம்.

முந்நூறு பலகைகளில் பாதி அடுப்பு விசிறப் போயிற்று. மீதி தண்ணீர் டிரம்முக்கு மூடியாயிற்று. இருளாயியும் டிரம்மைத்தான் மூடினாள். ஏழு வயது அனுப்ரியா அந்த மூடியின்மேல் காயை வைத்து விளையாட ஆரம்பித்தாள். யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் தெருவில் அவளை ஜெயிக்க ஆளில்லை. பன்னிரண்டில் மாவட்டத்தில், பதினைந்தில் மாநிலத்தில். பத்தொன்பதில் கிராண்ட்மாஸ்டர். இருபத்திரண்டில் இந்தியாவின் பெண்கள் சாம்பியன். ஊர் ஊராகப் போய் ஜெயித்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்பிய பெண். கம்பெனி வேலை கிடைத்தபோது வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது. இனிமேல் பெண் விளையாடினால் போதும் என்று நினைத்தார்கள்.

முதல் வாரமே டிரெய்னிங் ஹாலில் அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு டவர் லைட்டைக் கொண்டுவந்து நட்டார்கள். மெஷின்களுக்கு மேல் இருக்குமே, பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கு, அதுதான்.

"இது எதுக்குண்ணா?" என்று அனுப்ரியா கேட்டாள்.

"நீ காய நகர்த்தினா பச்சை எரியும் பாப்பா," என்றார் கங்கப்பன். "நகர்த்தாம ஒன்றரை நிமிசம் ஆயிட்டா செவப்பு. ஹூட்டரும் அடிக்கும்."

"நான் யோசிப்பேனே."

"யோசிக்கிறதுக்கு லைட்டு இல்லியாம்."

அன்று மதியம் அவள் ஒரு நகர்த்தலுக்கு இருபத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். சிவப்பு எரிந்தது. ஹூட்டர் ஊளையிட்டது. மெயின்டனன்ஸ் ஃபிட்டர் முனிவேல் ஸ்பானர் பையோடு ஓடிவந்தான்.

"எங்கண்ணா பிரேக்டவுன்?"

"பிரேக்டவுன் இல்ல முனிவேலு. யோசிச்சிக்கிட்டு இருக்குது."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"தெரியல."

"நான் என்னான்னு எழுதறது?"

முனிவேல் அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான். பிறகு ரிஜிஸ்டரில் 'ஸ்பேர் வருவதற்காகக் காத்திருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் அனுப்ரியா வெளிநாட்டில் ஒரு போட்டியில் ஜெயித்து வந்தாள். கடைசி ஆட்டத்தில் ராணியையே எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்து, நாலே நகர்த்தலில் ராஜாவை மடக்கியிருந்தாள். உலகத்திலுள்ள செஸ் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஆட்டத்தைப் போட்டுப் புகழ்ந்தன. பெண்ணைவளம் கம்பெனியில் அதற்கு ஒரு குறைபாட்டு அறிக்கை போட்டார்கள்.

அறிக்கையை எழுதியது கங்கப்பன்தான். எண்ணச் சொன்னார்கள், எண்ணினார். உள்ளே போனது பதினாறு காய். ஆட்டம் முடிந்தபோது பலகையில் நின்றது ஐந்து. ரிஜெக்‌ஷன் பதினொன்று. அறுபத்தெட்டே முக்கால் சதவீதம்.

"நம்ம கம்பெனி லிமிட் ரெண்டு பர்சன்ட்," என்றார் பாலாஜி. "ரெண்டு. நீங்க அறுபத்தெட்டே முக்கால்ல இருக்கீங்க அனுப்ரியா."

"சார், நான் அவங்க காயைப் பன்னெண்டு வெட்டியிருக்கேன்."

"அது அவங்க கம்பெனி ரிஜெக்‌ஷன். நம்ம கணக்குல வராது. இப்ப மூல காரணம் கண்டுபிடிப்போம். அஞ்சு 'ஏன்' கேட்டா எந்தப் பிரச்சினைக்கும் மூல காரணம் தெரிஞ்சிடும். இது ஜப்பான்காரன் முறை. கங்கப்பன், எழுதுங்க. ஏன் ராணி போச்சு?"

"நானே குடுத்தேன் சார்."

"ஏன் குடுத்தீங்க?"

"அவங்க எடுக்கணும்னு."

"ஏன் எடுக்கணும்?"

"எடுத்தா அவங்க ராஜா நகர முடியாம மாட்டிக்கும்."

"ஏன் மாட்டிக்கும்?"

"என் குதிரை அங்க வந்துடும் சார்."

"ஏன் வரும்?"

"குதிரை அப்படித்தான் சார் தாண்டி வரும்."

"அஞ்சு ஆயிடுச்சு," என்று பாலாஜி பேனாவை மூடினார். "மூல காரணம், குதிரை."

அதைக் கேட்டதும் பிரேம்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதுகாப்புக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். "தாண்டி வரும்னா? மத்த காய் மேலயா?"

"ஆமா சார். குதிரை மட்டும் தாண்டலாம்."

"ஷாப்ஃப்ளோர்ல யாரும் எதையும் தாண்டக் கூடாதும்மா. மஞ்சக் கோட்டுக்குள்ள நேரா நடக்கணும். போன வருஷம் ஒருத்தர் சாமான் அடுக்கற பேலட்டைத் தாண்டிக் காலை உடைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் போஸ்டர் ஒட்டியிருக்கோம். இது மத்தவங்களுக்கு என்ன மெசேஜ் குடுக்குது?"

அனுப்ரியா கங்கப்பனைப் பார்த்தாள். கங்கப்பன் தாளைப் பார்த்தார். 'குதிரைக்குப் பாதுகாப்புப் பயிற்சி' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினார். பொறுப்பு யார் என்ற கட்டத்தில் அவர் பெயரையே போடச் சொன்னார்கள். அதையும் போட்டார்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. பிறகுதான் பெங்களூரு வந்தது.

ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றுக்கு அனுப்ரியா வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒரே ஒரு ஆட்டம். அதில் ஜெயித்தால் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போகலாம். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. இங்கிருந்து ஒரு மணி நேரம். ஆனால் அவள் பெயர் கம்பெனி பெயரோடு பதிவாகியிருந்தது. கம்பெனியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் மேஜையில் உட்கார விடமாட்டார்கள்.

"ரிஜெக்‌ஷன் ரெண்டு பர்சன்டுக்கு மேல இருக்கற எதையும் நாங்க வெளியே டிஸ்பாட்ச் பண்ணக் கூடாது," என்றார் பாலாஜி. "கஸ்டமருக்குப் போய் ரிஜெக்ட் ஆனா யாருக்கு அவமானம்? கங்கப்பன் 'ஓகே'ன்னு கையெழுத்துப் போட்டா அனுப்பறேன். வியாழக்கிழமை மீட்டிங்குக்குள்ள."

புதன்கிழமை கேன்டீனில் அனுப்ரியா கங்கப்பனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் கை வைக்கவில்லை.

"கங்கப்பண்ணா, போட்டுடுங்களேன். எல்லாரும் போடறாங்க."

"எல்லாரும் போடறாங்க பாப்பா. அதான் எனக்குப் பயம்." அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "இருபத்தாறு வருசம். அளக்காத பீஸுக்கு நான் ஓகே போட்டதில்ல. எங்கயோ ஒரு வண்டி ஓடுது, அதுல ஒரு குடும்பம் போவுது. நான் போட்ட ஓகேல போவுது. அப்படி நெனச்சிக்கிட்டேதான் வேலை பார்த்தேன். இப்ப உனக்கு எப்படிப் போடறது? அறுபத்தெட்டே முக்காலுன்னு என் கையெழுத்துலயே இருக்குது."

அனுப்ரியா பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். சதுரங்க விதிகள், தமிழில். சின்ன வயதிலிருந்து வைத்திருந்ததால் அட்டையெல்லாம் தண்ணீர்க் கறை.

"அப்ப அளந்துட்டே போடுங்கண்ணா. இதான் டிராயிங், எல்லா அளவும் இதுல இருக்கு."

தேநீர் ஊற்ற வந்த நாராயணம்மா இருவரையும் பார்த்தார். "ஏம்பா கங்கப்பா, அந்தப் பொண்ணு மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது. உன் கேஜை தூக்கி எறிஞ்சிட்டு ஒரு கையெழுத்துப் போட்டா என்னா?"

"கேஜைத் தூக்கி எறியறதுக்கும் ஒரு ஃபாரம் இருக்குதுக்கா."

சாயங்காலம் வீட்டில் கங்கப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து படித்தார். புது டிராயிங் வந்தால் எப்படிப் படிப்பாரோ அப்படி. மனைவி சாந்தம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். அவர் ராயக்கோட்டைச் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடுகிறவர்.

"பரீச்சையா?"

"பரீச்சைதான். இதுல பதினாறு காய் இருக்குது. பதினோரு காய் போயிடுது. அப்பவும் அந்தப் பொண்ணு ஜெயிச்சிட்டேங்குது. எப்படி ஜெயிச்சது?"

"எந்தக் காய் போனா தோப்பாங்க?"

கங்கப்பன் பக்கத்தைப் புரட்டினார். "ராஜா மாட்டினா."

"மாட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னாத்துக்கு மூணு மாசமா பஞ்சாயத்து பண்றீங்க?" சாந்தம்மா நாரை முறத்தில் தட்டினார். "நாங்க ஒரு ரோஜாக் கட்டு போடறதுக்கு எவ்ளோ எலை உரிக்கறோம், எவ்ளோ முள்ளு உரிக்கறோம். காம்பை வேற வெட்டித் தள்றோம். கட்டு லண்டனுக்குப் போவுது. உரிச்ச எலைய எவனாச்சும் ரிஜெக்சன்னு எழுதுவானா?"

கங்கப்பன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, புத்தகத்தில் ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். அப்புறம் எழுந்துபோய் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தார். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவர் அவரைக்காய் தொட்டது அதுதான் முதல் தடவை. சாந்தம்மா முறத்தை அவர் பக்கமாக நகர்த்திவைத்தார்.

வியாழக்கிழமை மீட்டிங்கில் பாலாஜி, பிரேம்குமார், அனுப்ரியா, கங்கப்பன். சுவரில் அறுபத்தெட்டே முக்கால் சிவப்பு எழுத்தில் தொங்கியது.

"கையெழுத்துப் போட்டீங்களா?" என்றார் பாலாஜி.

"ஒரு சந்தேகம் கேட்டுட்டு போடறேங்க சார். லேத்துல இன்சர்ட் தேயுது. அதான், இரும்பைச் சீவற அந்தச் சின்ன முனை. ஒரு ஷிஃப்டுக்கு நாலு மாத்தறோம். அதை ரிஜெக்‌ஷன்ல எழுதறமா?"

"எப்படி எழுதுவோம்? அது டூல். தேயத்தான் செய்யும். வெளியே வர்ற பீஸ்தான் கணக்கு."

"அதாங்க சார். இந்த டிராயிங்கப் படிச்சிப் பார்த்தேன்." புத்தகத்தைத் திருப்பி வைத்தார். "இதுல முக்கியமான அளவு ஒண்ணே ஒண்ணுதான் குடுத்திருக்காங்க. ராஜா. அவரு மாட்டாம நின்னா பீஸ் ஓகே. மத்த பதினஞ்சும் டூலுங்க சார். நாம மூணு மாசமா டூல எண்ணி எண்ணிப் பீஸுன்னு எழுதிக்கிட்டு இருக்கறோம்."

பாலாஜி சுவரில் தொங்கிய சிவப்பு எழுத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படி எழுதச் சொன்னது யாரு?" என்று பிரேம்குமார் மெதுவாகக் கேட்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாலாஜிதான் முதலில் எழுந்தார். எழுந்தவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"இது நம்ம சிஸ்டத்தோட வெற்றி. ஒரு தப்பைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல அந்தத் தப்பைச் செய்யணும். அதை நாம செஞ்சிருக்கோம். மூணு மாசமா, ஒரு நாள் கூட விடாம, கையெழுத்தோட. எத்தனை கம்பெனி இப்படித் தொடர்ச்சியா செய்யும்? இதை நான் அடுத்த ஆடிட்ல காட்டப்போறேன்."

பிரேம்குமார் கை தட்டினார். கங்கப்பனும் தட்டினார். அனுப்ரியா தட்டலாமா என்று யோசித்தாள். நல்லவேளை, அந்த அறையில் டவர் லைட் இல்லை.

"ஆனா டூல்னா டூல் லைஃப் இருக்கணும்," என்றார் பாலாஜி உட்கார்ந்துகொண்டே. "இஷ்டத்துக்குத் தூக்கிப் போட முடியாது. எழுதுங்க கங்கப்பன். ராணி, குறைந்தபட்சம் முப்பது நகர்த்தல். யானை, நாற்பது. குதிரை, பாதுகாப்புப் பயிற்சி முடிஞ்ச பிறகு இருபத்தஞ்சு."

"சிப்பாய்ங்க சார்?"

"சிப்பாயா?" என்று பிரேம்குமார் சிரித்தார். "அது கான்ட்ராக்ட் லேபர் மாதிரி. அதுக்கெல்லாம் லைஃப் கார்டு எதுக்கு?"

"முப்பதுக்கு முன்னாடி ராணியைக் குடுக்கணும்னா எனக்குப் போன் பண்ணி அப்ரூவல் வாங்கணும்," என்றார் பாலாஜி. "மீறினா, திங்கட்கிழமையிலிருந்து அனுப்ரியா பேக்கிங் செக்‌ஷன். போட்டி, உலகம், எதுவும் கிடையாது. நான் ரொம்ப ஃப்ளெக்ஸிபிளான ஆள். ஆனா ராணின்னா ராணிதான்."

கங்கப்பன் விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். அளந்த பிறகு போடுகிற கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வேனில் புறப்பட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். வெளியே போகிற எதற்கும் கேட் பாஸ் வேண்டும். பிரேம்குமார் முன்யோசனையாகப் போட்டு வைத்திருந்தார். 'பொருள்: சாம்பியன். எண்ணிக்கை: ஒன்று. திரும்பி வர வேண்டியது.' கீழே இன்னொரு வரி: 'உடன் செல்லும் கருவி: கங்கப்பன், ஒன்று. மார்ச் வரை செல்லும்.'

"எடை போடணும்," என்றார் செக்யூரிட்டி.

"ஏங்க, மனுசங்கய்யா நாங்க."

"எனக்குத் தெரியுதுண்ணா. ஃபாரத்துக்குத் தெரியாதில்ல. எடைன்னு ஒரு கட்டம் இருக்குது."

வேன் எடைமேடை ஏறி இறங்கியது. திரும்பி வரும்போதும் இதே எடை இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். "அப்ப மதியம் சாப்பாடு வேண்டாம்ணா," என்று அனுப்ரியா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பெங்களூரில் அந்த ஹால் ஒரு கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. வாசலில் நடுவர் ஒருவர் கங்கப்பனின் செல்போனை வாங்கி ஒரு கவரில் போட்டு ஒட்டினார்.

"சார், போன் இல்லாம முடியாதுங்க. ராணியைக் குடுக்கறதுன்னா மேனேஜர்கிட்ட அப்ரூவல் கேக்கணும்."

அந்த நடுவர் தமிழ் தெரிந்தவர்தான். ஆனாலும் அவருக்குப் புரியவில்லை. "போன் உள்ள வந்தா உங்க பிளேயர் அவுட்," என்று மட்டும் சொன்னார்.

கங்கப்பன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். எதிராளி உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த உயரமான பெண். பெரிய திரையில் காய்கள் தெரிந்தன. சிப்பாய் ஒன்று போனது. குதிரை ஒன்று போனது. கங்கப்பனின் விரல் தானாக எண்ணியது. பத்து, பதினைந்து. ராணி இருக்கிறது. பதினாறு, பதினேழு. ராணி இருக்கிறது. இன்னும் பதின்மூன்று நகர்த்தல் தள்ளிவிட்டால் போதும் என்று பாரூர் அம்மனிடம் ஒரு விண்ணப்பம் போட்டார்.

பதினெட்டாவது நகர்த்தலுக்கு அப்புறம் அனுப்ரியா யோசிக்க ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கங்கப்பனின் காது ஹூட்டரைத் தேடியது. இருபதாவது நிமிஷம் அவள் தலையை நிமிர்த்தி அவர் இருந்த பக்கம் பார்த்தாள். பேக்கிங் செக்‌ஷன் அவள் கண்ணில் தெரிந்தது. அட்டைப்பெட்டி, டேப், காலை எட்டிலிருந்து நாலரை. அவருக்கு ஒன்றும் சொல்லக் கூடாது, சொல்லவும் தெரியாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் தலையை அசைக்காமல், அளவெடுத்த கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். தன்னால் எதுவும் கெட்டுவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கண்ணைத் திறந்தார். ராணியை அவள் எதிராளியின் யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். பத்தொன்பதாவது நகர்த்தல்.

உஸ்பெக் பெண் ராணியை எடுத்தாள். வேறு வழி இல்லை போலும். அப்புறம் குதிரை தாண்டியது, பயிற்சி பெறாமலே. கங்கப்பன் ராணியை மறந்தார், குதிரையை மறந்தார். டிராயிங்கில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தை மட்டும் பார்த்தார். நம்ம ராஜா நிற்கிறாரா? நிற்கிறார். நிற்கிறாரா? நிற்கிறார். இருபத்திமூன்றாவது நகர்த்தலில் உஸ்பெக் பெண் கையை நீட்டினாள். அனுப்ரியா அதைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ராஜி ஆயிட்டாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கங்கப்பன் கேட்டார்.

"ராஜியா? உங்க பொண்ணு ஜெயிச்சாச்சு சார்."

"எம் பொண்ணு இல்லீங்க. நான் கருவி," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் சர்டிபிகேட் இருந்தும் திரை மங்கலாகத் தெரிந்தது.

வெளியே வந்து கவரைப் பிரித்தபோது செல்போனில் நாற்பத்தோரு தவறிய அழைப்புகள். நாற்பத்திரண்டாவது அப்போதே வந்தது.

"கங்கப்பன், ராணி இருக்கா?" பாலாஜிதான்.

"இல்லீங்க சார்."

"எத்தனாவது மூவ்?"

"பத்தொம்பது."

"முப்பதுன்னு எழுத்துல குடுத்தேனே. அந்தப் பொண்ணை நாளைக்கு பேக்கிங்குக்கு வரச் சொல்லுங்க."

அனுப்ரியா பக்கத்தில்தான் நின்றாள். கழுத்தில் போட்ட மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல். கங்கப்பன் அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய பாஷை அவருக்கும் வரும். பேசிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"வரச் சொல்றேங்க சார். ரிப்போர்ட்டுல என்னா எழுதறதுன்னு மட்டும் சொல்லிடுங்க. இந்தப் பாப்பா போன ஆட்டம் ஜெயிக்க அறுபத்தொம்பது மூவ் ஆச்சு. இன்னிக்கு இருபத்திமூணுல முடிச்சிடுச்சு. மூணுல ஒரு பங்கு. இதுக்கு நம்ம ஃபாரத்துல பேரு என்னாங்க சார்?"

அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"சைக்கிள் டைம் ரிடக்‌ஷன். ஒரு பீஸை முடிக்கற நேரத்தைக் குறைக்கறது," என்றார் பாலாஜி. குரலே மாறியிருந்தது. "அறுபத்தொம்பதிலிருந்து இருபத்திமூணா? இந்த பிளான்ட்ல இதுவரைக்கும் யாரும் காட்டினதில்ல. டூல் லைஃப் கன்ட்ரோல் போட்ட முதல் வாரத்திலேயே. எழுதிக்கங்க, குவாலிட்டி மேனேஜரின் வழிகாட்டுதலின்படின்னு. பேக்கிங் வேண்டாம். ஆமா, ஜெயிச்சிட்டாங்களா?"

"ஜெயிச்சிடுச்சுங்க சார்."

"அதையும் கீழ எங்கயாவது போட்டுக்கங்க."

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்கு மேல் பேனர் கட்டியிருந்தது. ஒரு பக்கம் பாலாஜி, மறுபக்கம் பிரேம்குமார், இருவரும் ஆளுயரம். நடுவில் கோப்பை. கோப்பைக்குள் தபால்தலை அளவுக்கு அனுப்ரியா. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்த சௌந்தரராஜனுக்கு மகளைக் கண்டுபிடிக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் சைக்கிளிலேயே வீட்டுக்குத் திரும்பி இருளாயியைக் கூட்டிவந்தார்.

"இதா நம்ம புள்ள? இவ்வளவூண்டு போட்டுருக்காக," என்றாள் இருளாயி. "போகட்டும். இந்த வருசமாவது வாளி குடுப்பாகளான்னு கேளுங்க."

பத்து மணிக்கு ஆய்வுக் கூட்டம். உலக சாம்பியன்ஷிப்புக்கு அனுப்ரியாவை அனுப்பும் தாளில் பாலாஜி ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார். வழக்கம்போல எதையும் படிக்காமல். கடைசியாக ஒரு அட்டவணை மட்டும் பாக்கி. ஒவ்வொரு காயும் எத்தனை தடவை நகர்ந்தது, எவ்வளவு உழைத்தது என்று கங்கப்பன் எண்ணிப் போட்டது.

பாலாஜியின் விரல் அட்டவணையில் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது. நெற்றி சுருங்கியது.

"இது என்ன? குதிரை ஓடியிருக்கு. ராணி ஓடி, உயிரையே குடுத்திருக்கு. சிப்பாய் எல்லாம் முன்னாடி நின்னு அடி வாங்கியிருக்கு. ராஜான்னு ஒருத்தர் மட்டும் ஆட்டம் பூரா ஒரே ஒரு தடவை நகர்ந்திருக்கார். அதுவும் ஓரமா போய் யானைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க. உழைப்பு நாலு பர்சன்ட். இவரைக் காப்பாத்தத்தான் மத்த பதினஞ்சு பேரும் சாகறாங்க. யார் இவர்? இவருக்கு என்ன வேலை?"

பிரேம்குமார் எட்டிப் பார்த்தார். "இப்படி ஒரு ஆளை நாம எப்படி வச்சுக்கிட்டு இருக்கோம்? இவர் மேல ஒரு குறைபாட்டு அறிக்கை போடணும்."

அனுப்ரியா வாயைத் திறந்தாள். அதற்குள் கங்கப்பன் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு மேனேஜ்மென்டுங்க சார்."

பாலாஜியின் பேனா அந்தரத்தில் நின்றது. அவர் பிரேம்குமாரைப் பார்த்தார். பிரேம்குமார் அட்டவணையைப் பார்த்தார். பிறகு இருவருமாக, ஒரே நேரத்தில், தலையை ஆட்டினார்கள்.

"அப்படின்னா சரிதான்," என்று பாலாஜி அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, தாளைக் கங்கப்பன் பக்கம் நகர்த்தினார்.

அனுப்ரியா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கங்கப்பன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் இன்னொரு முறை நிதானமாகச் சரிபார்த்தார். எல்லா அளவும் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.